நாரந்தனைக்குப் பலம் வந்த வரலாறு

“அந்த மனிசிக்குச் சட்டை இல்லையே?”

“சட்டைதான் அது. நோர்வேயிலை சட்டை உடம்போடை ஒட்டித்தான் இருக்குமாம்.”

“ஒட்டியிருக்கிறதை நான் கேக்கேல்லை. முடியிற இடத்தைக் கேக்கிறன்.”

“குளிர் நாடு மாஸ்ரர். விறைச்சுப்போகாமல் இருக்கத்தான் காலை ஆட்டுறா.”

“அப்ப சரி. மருத்துவக் காரணம் எண்டு அறிக்கையிலை போடும்.”

மனித குலத்தின் முன்னேற்றத்தை நிர்ணயித்த உரையாடல்கள் உலகில் சிலதான் உண்டு. அவற்றுள் ஒன்று 1989ஆம் ஆண்டு மாசி மாதத்தில், யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான நாரந்தனையின் வாசிகசாலையில், ஒரு ரீவிப் பெட்டியின் முன்னால் நடந்தது என்பதை வருங்காலச் சந்ததி அறிய வேண்டும். கேட்டவர் இளைப்பாறிய தலைமை ஆசிரியரும் எங்கள் சங்கத் தலைவருமான வைத்திலிங்கம் மாஸ்ரர். பதில் சொன்னவன் செயலாளராகிய நான். ரீவியில் காலை ஆட்டியவர் நோர்வே நாட்டுப் பெண்மணி ஒருவர்.

சங்கத்தின் முழுப்பெயர் ‘நாரந்தனை நலிவுற்ற மூத்த பெண்கள் உடற்பல விருத்திச் சங்கம்’. நிருவாக சபையில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஆண்கள். ஏற்கெனவே நலிவுற்றவர்கள் மீது நிருவாகச் சுமையையும் ஏற்றக் கூடாது என்ற கருணைதான் அதற்குக் காரணம்.

சங்கம் பிறந்த கதை உருக்கமானது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் அப்போது ஒஸ்லோ நகரின் முதியோர் இல்லங்களில் நிலம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கழுவுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தபோது, எண்பது வயதுக் கிழவிகள் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கதிரையிலிருந்து எழும்புவதும் இருப்பதுமாக இருந்தார்கள். பெற்ற தாயை விட்டுவிட்டு வந்து அடுத்தவன் தாயின் நிலத்தைக் கழுவுகிறவர்களுக்கு நெஞ்சு உறுத்தியது. அந்த உறுத்தலை வீடியோ டெக், ரீவி, கசெற் என்று மூன்று பொருள்களாகக் கட்டி ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். நாங்கள் உடனே சங்கம் அமைத்தோம். டெக் ஒன்று வந்துவிட்ட பிறகு அதற்குத் தலைவர் இல்லாமல் இருக்க முடியாது அல்லவா.

கசெற் நோர்வே மொழியில் இருந்தது. குளிர் நாட்டு நாவல்கள் பலவற்றை நான் தமிழில் வாசித்திருந்தபடியால் மொழிபெயர்ப்பாளர் பதவியும் என்னிடமே வந்தது. அந்தப் பெண்மணி ஒரு சொல் சொல்லுவார். நான் உடனே, “மதிப்பிற்குரிய சீமாட்டிகளே, உங்கள் வலது முழங்காலை அன்புகூர்ந்து உயர்த்துவீர்களாக” என்பேன்.

“தம்பி, அவ உவ்வளவும் சொல்லேல்லை” என்பார் சிவக்கொழுந்து ஆச்சி. எழுபது வயது. உடம்பில் நாக்கு ஒன்றுதான் நலிவுறாமல் இருந்தது.

“அது சுருக்கமான மொழி ஆச்சி.”

“அப்ப அவ சொல்லுறதையே கேப்பம். கெதியா முடியும்.”

கசெற்றில் நான்கு கட்டங்கள் இருந்தன. முதலாவது, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புவது. இதற்காகப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு கதிரைகள் இரவல் வாங்கினோம். ஒன்பதில் நிருவாக சபை இருந்தது. மூன்று கதிரைகள் ‘விசேட அதிதிகளுக்கு’ என்று ஒதுக்கப்பட்டன. அதிதிகள் வராத நாட்களிலும் அவை ஒதுக்கப்பட்டே இருந்தன. ஆகவே பெண்கள் பாயில் இருந்தபடி, கதிரையில் இருப்பது எப்படி என்பதை எங்களைப் பார்த்து அறிந்துகொண்டார்கள். தேநீர் வந்தபோதெல்லாம் நாங்கள் எழும்பி வாங்கிக்கொண்டு திரும்ப இருந்தோம். முதலாவது கட்டத்தைப் பொறுத்தவரை அந்த மூன்று மாதத்தில் நிருவாக சபையின் தொடைகள் வியக்கத்தக்க உறுதி பெற்றன.

இரண்டாவது கட்டம், பாரம் தூக்குவது. நோர்வேயில் இரும்பு உருண்டைகள் வைத்திருந்தார்கள். எங்களுக்கு எது பொருத்தம் என்று ஆராய ஓர் உபகுழு அமைத்தோம். அது இரண்டு கூட்டம் கூடி, பால்மா ரின்னில் மணல் நிரப்பலாம் என்று கண்டுபிடித்தது.

“விடியக் கிணத்திலை பத்து வாளி அள்ளிப்போட்டுத்தான் வந்தனான்” என்றார் சிவக்கொழுந்து ஆச்சி. “இந்த ரின்னிலை இருந்து எனக்கு என்ன பலம் வரப்போகுது மாஸ்ரர்?”

“அது வேலை. இது பயிற்சி” என்றார் தலைவர்.

“வித்தியாசம் என்ன?”

“இதுக்கு நாங்கள் பக்கத்திலை நிக்கிறம்.”

மூன்றாவது கட்டம், நிலத்தில் இருந்து ஒருவர் துணையில்லாமல் எழும்பி நிற்பது. நான்காவது, படுத்துக் கண்ணை மூடி இளைப்பாறுவது. பதினான்கு பெண்களில் மூன்றாவது கட்டத்தை ஒருவரும் செய்யவில்லை. நான்காவது கட்டத்தில் எல்லோரும் திறமைச் சித்தி அடைந்தார்கள்.

ஒருவரும் செய்யவில்லை என்று சொன்னது பிழை. அல்போன்சம்மா இருந்தார்.

அல்போன்சம்மாவுக்கு எழுபத்துமூன்று வயது. கோயிலுக்குப் பின்வீதியில், கிணறும் இரண்டு முருங்கையும் உள்ள ஒரு கல்வீட்டில் தனியே இருந்தார். வீடு மகன் பத்திநாதனின் பெயரில் இருந்தது. அவன் நோர்வேக்குப் புறப்பட்டபோது, கடன் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று இவரே எழுதிக்கொடுத்திருந்தார். போன மார்கழியில் குசினிக்குள் வழுக்கி விழுந்து, எழும்ப முடியாமல் மத்தியானம் வரை நிலத்திலேயே கிடந்தார். அயலவர்கள் வந்து தூக்கினார்கள். செய்தி கடிதமாக நோர்வே போனது. கடிதமாகவே பதில் வந்தது. “விழுந்தால் எழுப்ப ஆள் இல்லை. ஆவணி முடியமுன்னம் யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிமார் நடத்துகிற முதியோர் இல்லத்துக்குப் போங்கோ. வீட்டைப் பூட்டித் திறப்பை ஆரிட்டையேன் குடுங்கோ.”

அல்போன்சம்மாவுக்கு அந்த இல்லத்தின் மீது ஒரு குறையும் இல்லை. ஆனால் தன்னுடைய வீட்டில்தான் சாக வேண்டும், அதுவரை அங்கேதான் இருக்க வேண்டும் என்று ஓர் எண்ணம் வைத்திருந்தார். எண்ணங்களை வைத்திருப்பதற்கு எங்கள் சங்க யாப்பின் விதிகளில் இடம் இல்லை என்றாலும் தடையும் இல்லை.

அவர் மற்றவர்களைப் போலப் பாயில் சாய்ந்துகொண்டு பார்க்கவில்லை. மூன்றாவது கட்டம் வந்ததும் ரீவிக்குக் கிட்டப் போய் இருப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாரும் தம்பி. அவ முதல் நாலுகாலிலை வாறா. பிறகு முழந்தாளிலை நிக்கிறா. ஒரு காலை முன்னுக்கு வைக்கிறா. அந்த முழங்காலிலை கையை ஊண்டி எழும்புறா. விளங்குதே?”

“ஓம் ஆச்சி.”

“இது பூசையிலை முழந்தாளிலை நிண்டு எழும்புறதுதான். அறுபது வருசமாச் செய்தனான். இடையிலைதான் மறந்துபோனன்.”

அதன் பிறகு வீட்டில் நாள்தோறும் செய்தார். முதலில் பெட்டகத்தைப் பிடித்துக்கொண்டு. பங்குனி முடிய, பெட்டகத்தைத் தொட்டும் தொடாமலும். சித்திரைக் கடைசியில் ஒரு நாள் நான் வாசலால் போகும்போது, முற்றத்தின் நடுவில் சப்பாணி கட்டி இருந்தவர், பிடிக்க ஒன்றும் இல்லாமல், மெல்ல, மிக மெல்ல எழும்பி நின்றார். நின்றுவிட்டுச் சேலையைத் தட்டினார்.

“மாஸ்ரரிட்டைச் சொல்லும்” என்றார். “இதைப் படம் பிடிச்சுப் பத்திக்கு அனுப்பவேணும். கண்ணாலை கண்டால் என்னை வீட்டிலை விட்டிடுவான். வேறை ஒண்டும் வேண்டாம்.”

தலைவருக்கும் ஒரு படம் தேவைப்பட்டது. டெக் பயன்படுகிறதா என்று ஒஸ்லோவில் கேட்டிருந்தார்கள். ஆகவே வைகாசி பதினான்காம் தேதி ‘உடற்பல விருத்தி விழா’ நடத்துவது என்றும், அதை யாக்கோப்பு படம் பிடிப்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

யாக்கோப்பு தீவுப்பகுதி எங்கும் அறியப்பட்ட வீடியோக் கலைஞர். அதுவரை பதினொரு கலியாணமும் நாற்பத்திரண்டு செத்தவீடும் பிடித்திருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் ஊரில், நடுவில் யுத்தம் என்று ஆன பிறகு, கடைசி முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற புனிதப் பணி அவர் தோளில் விழுந்தது. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் கோயில் கோபுரம். பிறகு ஒழுங்கை. பிறகு வெள்ளைத் துணி. பிறகு முகம், நெடுநேரம். அதன் பிறகு சுற்றி நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக. அந்த முறையை அவர் எதற்காகவும் மாற்றியதில்லை.

விழா அன்று விசேட அதிதிகள் மூவரும் மூன்றரை பஸ்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆதலால் நிகழ்ச்சியை நான்காவது கட்டத்தில் இருந்து தொடங்கலாம் என்றார் தலைவர். “படுத்திருக்கிறது மரியாதையான கட்டம். அதிதிகளுக்கு முன்னாலை நாலுகாலிலை வாறது அவ்வளவு நல்லாயில்லை.”

சிறந்த பயிலுநர் என்ற வகையில் அல்போன்சம்மா நடுவில் படுத்தார். விதவை ஆனபடியால் வெள்ளைச் சேலை. பதாகைக்கு நிறத்துணி கிடைக்காததால் பின்னால் வெள்ளைத் துணி. அதில் சங்கத்தின் பெயரை எழுதியிருந்தோம். அது மேலே இருந்தது. யாக்கோப்பு தன் வழக்கப்படி கமராவைக் கீழே வைத்திருந்ததால் எழுத்து படத்தில் விழவில்லை. குத்துவிளக்கா மெழுகுதிரியா என்று முதல் நாள் எழுந்த வாக்குவாதத்தில், படுத்திருப்பவர் வேதக்காரி என்பதற்காக மெழுகுதிரி வென்றிருந்தது. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. தலைவர் மாலை போட வந்தார். படுத்திருப்பவருக்குக் கழுத்தில் போட முடியாதபடியால் நெஞ்சில் வைத்தார்.

“ஆச்சி, கமராவைப் பாராதேங்கோ” என்றார் யாக்கோப்பு. அவர் படம் பிடித்தவர்களில் பெரும்பாலானோர் கமராவைப் பார்த்ததில்லை.

“எப்ப தம்பி எழும்புறது?”

“சொல்லுவன். இப்ப கண்ணை மூடுங்கோ.”

நிருவாக சபை சுற்றிவர, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றது. கமராவின் வெளிச்சம் கண்ணைக் குத்தியதால் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். தலைவர் பேசினார். கடந்த ஆறு ஆண்டுகளாக எங்கள் ஊரில் இரங்கல் கூட்டத்தைத் தவிர வேறு கூட்டம் நடந்ததில்லை. அவருடைய பேச்சுக்கலை அந்தத் துறையிலேயே வளர்ந்திருந்தது.

“அல்போன்சம்மா அவர்கள் எல்லோருடனும் அன்பாகப் பழகும் சுபாவம் கொண்டவர். வீடு தேடி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பாதவர். அன்னாரின் பொறுமையும் கடவுள் பக்தியும் எமக்கெல்லாம் ஒரு பாடம். இன்று அவர் எய்தியிருக்கும் இந்த அமைதி…”

“மாஸ்ரர், எழும்பட்டே?” என்றார் அல்போன்சம்மா, கண்ணைத் திறவாமல். கமரா அப்போது சுற்றி நின்றவர்களின் முகங்களுக்குப் போயிருந்தது.

“பொறுங்கோ அக்கா, அமைதியிலை நிக்கிறன்.”

இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பிறகு கமரா அதிதிகளுக்கு மாலை போடுவதைப் பிடிக்கத் திரும்பியது. அந்த நேரத்தில்தான் அல்போன்சம்மா, ஒருவரும் சொல்லாமலே, நெஞ்சில் இருந்த மாலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, பக்கவாட்டில் புரண்டார். நாலுகாலில் வந்தார். முழந்தாளில் நின்றார். ஒரு காலை முன்னே வைத்தார். எழும்பினார். ஒரு கையும் அவரைத் தொடவில்லை. நின்றுகொண்டு, கமரா இருந்த பக்கம் திரும்பி, மகனைப் பார்ப்பது போலச் சிரித்தார்.

கமரா அப்போது இரண்டாவது அதிதியின் கழுத்தில் இருந்தது. மூன்றாவது அதிதியின் கழுத்தில் கசெற் முடிந்தது.

“யாக்கோப்பு அண்ணை, ஆச்சி எழும்பினதைப் பிடிச்சனீங்களோ?” என்று கேட்டேன்.

“எழும்பினவவோ?” என்றார் அவர். தொழிலில் முதல் முறையாகத் திடுக்கிட்டார் என்று நினைக்கிறேன்.

“திரும்ப எழும்பிக் காட்டுறன் தம்பி” என்றார் அல்போன்சம்மா. “திரும்பப் படுக்கிறன். அதுக்கென்ன.”

வேறு கசெற் இல்லை. பஸ்சும் வந்துவிட்டது. “அடுத்த விழாவிலை வடிவாப் பிடிப்பம்” என்று தலைவர் தேற்றினார். யாக்கோப்பு வழக்கம்போலக் கசெற் உறையில் பெயரையும் தேதியையும் எழுதினார். அல்போன்சம்மா, 14.5.1989. அதற்குமேல் எழுத அவருக்கு வழக்கமில்லை. மகன் மூலமாகவே ஒஸ்லோவில் உள்ள எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் போகட்டும் என்று நான் பத்திநாதனின் விலாசத்தைப் போட்டேன்.

பெண்மணிகளின் உடற்பலத்தை நாங்கள் ஒளிப்பதிவு செய்த சாதனை இதுதான். அதன் பலன் ஆடி மாதக் கூட்டத்தில் தெரிந்தது.

அன்று தலைவர் நோர்வேக் கடிதம் ஒன்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உரத்து வாசித்தார்.

“பெருமதிப்பிற்குரிய ஐயா, கசெற் கிடைத்தது. தந்திகள் வந்து சேராத இந்தக் காலத்தில் இப்படித்தான் அறிய வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரவர் முப்பது பேரும் மண்டபத்தில் கூடிப் பார்த்தோம். தாங்கள் பேசத் தொடங்கியதும் தாங்க முடியாமல் நிறுத்திவிட்டோம். மிச்சத்தைப் பிறகு நான் தனியே, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். துக்கத்திலும் வந்த பெரியவர்களுக்கு மாலை போட்டு மதித்திருக்கிறீர்கள். நல்லடக்கம் அதில் இல்லை. அதைப் பார்க்க எனக்கு மனம் வராது என்று நினைத்து வெட்டிவிட்டீர்கள் போலும். அந்தக் கருணையை மறக்க மாட்டேன். அம்மாவின் முகம் நல்ல நிம்மதியாக இருந்தது. பிள்ளைகள் ஒருவரும் இல்லாத குறை தெரியாமல் ஊரே சுற்றி நின்றதற்கு எப்படி நன்றி சொல்வது. முப்பத்தோராம் நாள் பூசை இங்கேயே ஒப்புக்கொடுத்தோம். இனி அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது. அம்மாவின் ஞாபகமாக அதைத் தங்கள் சங்கத்துக்குத் தருகிறேன். வேண்டிய பத்திரம் இத்துடன் இருக்கிறது.”

துக்கமா மகிழ்ச்சியா எது முறை என்று சபையில் ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்தார்கள்.

“ஆனால் அவ உயிரோடை இருக்கிறாவே” என்றேன் நான்.

“அது சங்கத்தின்ரை பிழையில்லை” என்றார் தலைவர். “அவ செத்ததெண்டு நாங்கள் எங்கையேன் சொன்னமோ? அறிக்கையைப் பாரும்.”

அறிக்கையைப் பார்த்தேன். சொல்லவில்லை.

“யோசியும் தம்பி. ஒருக்கா அழுது ஆறின பொடியன். பூசையும் குடுத்திட்டான். இப்ப போய் இல்லையெண்டால் அவன் என்ன பாடுபடுவான்? பிறகு அவ உண்மையாப் போற நேரம் திரும்பவும் அழவேணும். ஒரு தாய்க்கு ஒரு பிள்ளை ரண்டு தரம் அழுறது எந்தச் சமயத்திலை இருக்கு?”

எந்தச் சமயத்திலும் இல்லை என்று உபதலைவர் உறுதிப்படுத்தினார். பின்வரும் தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. வீடு நன்றியுடன் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அது ‘அல்போன்சம்மா ஞாபகார்த்த உடற்பயிற்சி மண்டபம்’ எனப் பெயர் பெறும். அம்மையாரின் மறைவு குறித்துச் சங்கம் கருத்துக் கூறுவதைத் தவிர்த்துக்கொள்கிறது. மண்டபத்துக்கு இடம் விட்டுக்கொடுக்கும் பொருட்டு அன்னார் ஆவணி முதலாம் தேதி யாழ்ப்பாணம் முதியோர் இல்லத்துக்குச் செல்வார். பயணத்துக்கு நிருவாக சபையே வாகன ஒழுங்கு செய்யும். அவர் விரும்பினால் திறப்பு விழாவுக்கு வரலாம். ஆனால் ஒஸ்லோவுக்கு அனுப்பும் படத்தில் நிற்பதைத் தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

அல்போன்சம்மாவுக்கும் சிவக்கொழுந்து ஆச்சிக்கும் செய்தி எப்படிப் போனதென்று தெரியாது. கூட்டம் முடியுமுன்பே இருவரும் வந்துவிட்டார்கள். கதிரைகள் நிரம்பியிருந்தபடியால் பாயில் இருந்தார்கள். தலைவர் தீர்மானங்களை மெதுவாக, பக்குவமாக எடுத்துச் சொன்னார். அல்போன்சம்மா குறுக்கிடாமல் கேட்டார்.

“அப்ப நான் நாளைக்கு வீட்டைக் கூட்டட்டோ, விடட்டோ?” என்றார் கடைசியில்.

“கூட்டுங்கோ அக்கா. மண்டபம் துப்புரவா இருக்கவேணும்.”

“மாஸ்ரர்” என்றார் சிவக்கொழுந்து ஆச்சி, “என்னையும் ஒருக்காப் படம் பிடிப்பியளோ எண்டு யோசிச்சிருந்தனான். இனி வேண்டாம். எனக்கும் ஒரு வீடு இருக்கு.”

தலைவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். சபை சிரித்தது. தேநீர் வந்தது. எல்லோரும் கை ஊன்றாமல் எழும்பி வாங்கினார்கள்.

அல்போன்சம்மா பாயில் முழந்தாளிட்டார். ஒரு காலை முன்னே வைத்தார். எழும்பினார். ஒன்பது பேர் இருந்த அறையில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அறிக்கையில் போட வேண்டி வந்திருக்கும்.

நான் மேசையில் இருந்து நோர்வேக்கு நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மொழிநடை எனக்கே பிடித்திருந்தது. பனி படர்ந்த தூர தேசத்தில் விழுந்த ஒரு கண்ணீர்த் துளி எங்கள் தீவில் ஒரு மண்டபமாக முளைத்தது என்று தொடங்கி, அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம் என்ற வரியில் நின்றேன். யாரோ மேசையைப் பிடிக்காமல் முன்னால் வந்து நிற்பது தெரிந்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை. பேனா திறந்தபடியே கையில் இருந்தது.

“தம்பி, எனக்குக் கால்தான் உரம் வந்தது. கை இன்னும் நடுங்குது, எழுத ஏலாது. நீர் நல்லா எழுதுவீர். அந்தக் காயிதத்திலை அடியிலை ஒரு வரி இடம் இருந்தால், நான் சாகேல்லை எண்டு என்ரை பிள்ளைக்கு எழுதிவிடுவீரே?”